எந்தக் கம்பி?

கதவு சாத்திக்கொண்டபோது மணி பத்து இருபது. தையல்நாயகி நேரம் பார்த்தது புருஷனுடைய வாட்சில். வாட்ச், செல்போன், மூக்குக்கண்ணாடி, மடித்த சட்டை எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டு மாசிலாமணியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மோதிரம் மட்டும் முழுசாக வரவில்லை. வலது கை பூரியாக உப்பிக்கிடந்ததால் கட்டர் வைத்து வெட்டித்தான் எடுத்தார்கள். அதைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்த நர்ஸ், "பத்திரமா வச்சுக்கங்கம்மா, பத்தர்ட்ட குடுத்தா ஒட்டிக் குடுத்துருவார்" என்றாள். ஒட்டிக் கொடுத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம். அது வெட்டுப்படும்போது மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலியிலா, இல்லை இவள் முகத்தைப் பார்க்கக் கூசியா? தையல்நாயகி பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டைப் பாக்கெட்டில் சாவி இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, துணிக்கு மேலாகவே விரலுக்குத் தட்டுப்பட்டது. உறையூர் வீட்டுச் சாவி இப்படி இருக்காது, அது பித்தளை, கனமாக இருக்கும். தில்லைநகர் பல் லேப் சாவி இரண்டும் ஒரே வளையத்தில் இருக்கும். இது ஒற்றைச் சாவி, பிளாஸ்டிக்கில் அடைத்த சின்ன மாதா படம் ஒன்று அதோடு தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துவைக்கப் போட்ட சட்டையில் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு, திரும்ப அதே பாக்கெட்டில் போட்டு, சட்டையை ஊறவைக்காமல் கொடியிலேயே மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை அது நீலச் சட்டைக்கு மாறியிருந்தது. செவ்வாய்க்கிழமை கட்டம் போட்ட சட்டைக்கு. இன்றைக்குக் காலையில், நூற்றியிரண்டு காய்ச்சலில், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன், இடது கையால் தடவித் தடவி அதை எடுத்து இந்த வெள்ளைச் சட்டையில் போட்டுக்கொண்டதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மருந்துச் சீட்டை மறந்தார். பர்ஸை மறந்தார். சாவியை மறக்கவில்லை.

எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் வெங்காயம் வதக்கினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் ஃபிளாஸ்க்கைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள். பார்த்தால் சும்மா இருப்பாளா. "உள்ள யாரு, வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள். "ஆக்ஸிடெண்டா?" இல்லை என்றாள். "பின்னே?" கம்பி குத்திருச்சு. சொல்லி முடித்த பிறகுதான் தையல்நாயகிக்குத் தன் குரல் கேட்டது. தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். மூன்று நாளாக எந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு காந்திக்கொண்டிருந்ததோ அதை, ஒரு தடங்கல் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருத்தியிடம், தன் பொய்யைப் போலவே. "கம்பின்னா?" என்றாள் அந்த அம்மாள். "அவர் பல் செட் செய்யிறவரு. செட்டுல ஒரு கம்பி வரும், பக்கத்துப் பல்லப் பிடிச்சுக்கறதுக்கு. அது ஏறிருச்சு." அடேயப்பா, அவர் சொன்னதைவிட நன்றாகச் சொல்கிறாளே. அந்த அம்மாள் உச்சுக் கொட்டிவிட்டு, துருப்பிடித்த கம்பியாக இருக்கும், அதெல்லாம் விஷம் என்றாள். துருப்பிடிக்காத கம்பிதான். வாயில் போடுகிற கம்பி எப்படித் துருப்பிடிக்கும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு தொண்டைக்கு வந்ததும் வேறு என்னவோ ஆனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையிலேயே அவளுக்குத் தெரியும். பல் தேய்த்துவிட்டு வந்தவர் காபி டம்ளரை இடது கையால் வாங்கினார். வலது கையை எங்கே என்று பார்த்தாள், லுங்கி மடிப்புக்குள் இருந்தது. காட்டுங்க என்றாள். ஒன்றுமில்லை, நேற்று லேப்பில் கம்பி குத்திவிட்டது என்றார். காட்டுங்களேன் என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் உள்ளங்கைப் பக்கம் இரண்டு புள்ளி, புறங்கைப் பக்கம் இரண்டு புள்ளி. ஊசி முனை அளவு. ரத்தம்கூட இல்லை, சுற்றிலும் லேசாகச் சிவந்து பளபளவென்று இருந்தது. எந்தக் கம்பி இப்படிக் கீழே இரண்டு மேலே இரண்டு என்று குத்தும்? அவள் மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா ஆலையில் மேஸ்திரி. எலிக்காக ஏழெட்டுப் பூனை எப்போதும் உண்டு, மூட்டைச் சந்தில், தவிட்டு அறையில், உமிக்குவியல் மேலே. பதினொரு வயதில் சாம்பல் நிறப் பூனை ஒன்றைத் தூக்கப்போய் இதே மாதிரிக் கடி வாங்கியிருக்கிறாள், இதே இடத்தில். பார்த்தால் ஒன்றுமே இல்லை, கொசு கடித்த மாதிரி. அப்பா அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சலவை சோப்பைப் போட்டுத் தேய், தேய் என்று தேய்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். நாய்ப் பல் மொட்டை, சதையைக் கிழிக்கும், கண்ணுக்குத் தெரியும். பூனைப் பல் ஊசி. உள்ளே போய் அழுக்கை வைத்துவிட்டு வெளியே வாசலைச் சாத்திவிட்டு வந்துவிடும். அப்பா அன்றைக்குச் சொன்னது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. திங்கட்கிழமை காலையில், காபி டம்ளர் நடுவில் இருக்க, புருஷன் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதும் ஞாபகம் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம், பூனைக்கடிக்கு ஊசி இருக்கு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அவள் சொன்னது வேறு. "எந்தக் கம்பி?" என்றாள்.

ஏனென்றால் பூனை என்று சொன்னால் யார் வீட்டுப் பூனை என்று வந்துவிடும். இவர்கள் வீட்டில் பூனை கிடையாது. கல்யாணமான புதிதில் அவள் ஒரு குட்டியைக் கொண்டுவந்து வளர்க்கவா என்று கேட்டபோது, பல் அச்சு, பிளாஸ்டர், மெழுகு என்று புழங்குகிற இடத்தில் முடி பறக்கும், வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னவர் இந்த மாசிலாமணிதான். அந்த மனுஷன் யார் வீட்டில் போய்ப் பூனைக்குக் கை நீட்டினார்? ஜெசிந்தாவிடம் பூனை இருக்கிறது. மிட்டாய் என்று பேர். ஜெசிந்தா லேப்பில் செராமிக் வேலை செய்கிறவள். பல்லுக்கு மேலே மாவு மாதிரி அடுக்கடுக்காகப் பூசிச் சுட்டு எடுக்கிற வேலை, அதற்குப் பொறுமை வேண்டும், கண் வேண்டும். ஆறு வருஷமாக இருக்கிறாள். மேலப்புதூரில் அம்மாவோடு இருக்கிறாள், கல்யாணம் கூடிவராமல் நின்றுபோனது. முதல் ஐந்து வருஷம் அவள் இந்த வீட்டுக்கு வருவாள், போவாள், ஜெசி சாப்பிட்டியா, ஜெசி இந்தப் புடவை உனக்கு நல்லாருக்கும் என்று இவளும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். போன வருஷம் ஒரு நாள் தையல்நாயகி சாப்பாடு எடுத்துக்கொண்டு லேப்புக்குப் படியேறிப் போனாள். வாசலில் நின்று பார்த்தாள். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் தூக்கி வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். செய்த பல்லை அவளுடைய பல் பக்கத்தில் ஒட்டிவைத்து நிறம் சேருகிறதா என்று மாசிலாமணி பார்க்கிறார். அவ்வளவுதான். வேலை. எந்த நோயாளிக்கோ. ஆனால் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அவ்வளவு கிட்டத்தில், ஒரு விரலால் அவளுடைய கீழுதட்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு... அவள் வாய்க்குள் என்னவோ சொன்னாள், அவர் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தையல்நாயகி கணக்குப் பார்த்தாள். தெரியவில்லை. தன் வாயை அவர் ஒரு நாளாவது இப்படி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாரா? பார்த்திருக்கிறார், ஒரு தடவை. மேல் வரிசையில் ஒரு பல் உடைந்து கேப் போட்டபோது. அந்தக் கேப்புக்குச் செராமிக் பூசியது யார்? அந்த எண்ணம் வந்த நாளிலிருந்து நாக்கு சும்மா இருப்பதில்லை. இப்போதும், இந்த ஸ்டீல் நாற்காலியில், போய்ப் போய் அதையே தொட்டது. வழவழவென்று, பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல், அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள். சோறு மெல்லும்போதெல்லாம் அவள் செய்த பல்லால் மெல்ல வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் பெரிய சண்டை. நீ நினைக்கிற மாதிரி ஒண்ணுமில்ல தையலு என்றார். அப்படியானால் அவள் வீட்டுப் பக்கம் போகமாட்டேன் என்று பிள்ளை மேல் சத்தியம் பண்ணுங்க என்றாள். கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிற பெண் மேல், போட்டோ மேல் கை வைத்து, பண்ணினார். இந்த வலது கையைத்தான் வைத்தார். அதற்குப் பிறகு ஜெசிந்தா இந்த வீட்டுக்கு வரவில்லை, பேச்சும் நின்றது. வேலையை விட்டு நிறுத்துங்க என்று மட்டும் தையல்நாயகியால் சொல்ல முடியவில்லை. அவளுடைய செராமிக் இல்லாவிட்டால் டாக்டர்கள் வேறு லேப்புக்குப் போய்விடுவார்கள். அது ஜெசிந்தாவுக்கும் தெரியும். தெரிந்துதான் தலை நிமிர்ந்து நடக்கிறாள் என்று நினைத்தாள். நினைத்ததெல்லாம் நிஜமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பார்த்தது ஒரு சிரிப்பு, ஒரு கீழுதடு. இப்போது ஒரு சாவி. ஒரு பெண்பிள்ளை தன் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பாள்? கூடப் பிறந்தவனிடம் கொடுப்பாள், பக்கத்து வீட்டில் கொடுப்பாள். மேலப்புதூரில் பக்கத்து வீடே இல்லையா?

"எந்தக் கம்பி?" என்று கேட்டபோது மேல் செட்டுக் கம்பி என்றார். மத்தியானம் சாப்பிட வந்தபோது விரல் தடித்திருந்தது. மறுபடி கேட்டாள். கீழ் செட்டு என்றார். "காலையில மேல் செட்டுன்னீங்க?" மேலா கீழா என்று யாருக்கு ஞாபகம், ஆயிரம் செட்டு போகுது வருது என்று எரிந்து விழுந்தார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு ருசி தட்டியது. அதை இப்போது நினைக்க உடம்பு கூசுகிறது, ஆனால் ருசிதான். அவர் பொய்யைக் கட்டக் கட்ட அவள் ஒவ்வொரு செங்கலாக உருவினாள். யாருடைய செட்டு, எந்த டாக்டர் அனுப்பினது, ஞாயிற்றுக்கிழமையில் என்ன அவசரம். ஒரு வார்த்தை, பூனை என்ற ஒரே வார்த்தை, அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், அழுது தீர்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். வரவில்லை. வராமல் இருக்க இருக்க விரல் வீங்கியது. செவ்வாய்க்கிழமை விரலை நீட்ட முடியாமல் கொக்கி மாதிரி மடக்கி வைத்திருந்தார். தெருமுனை டாக்டர் கம்பி என்றதும் டி.டி. ஊசி போட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கம்பிக்குத்துக்கு வைத்தியம் நடந்தது, பூனைக்கடி உள்ளே அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை வேறு இருக்கிற உடம்பு. சாயங்காலம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு, பென்சிலால் போட்ட மாதிரி. அப்போதும் அவள் கேட்டாள். எந்தக் கம்பிங்க? அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்றைக்குக் காலையில் இங்கே கை சர்ஜன் விரலை லேசாக நீட்டிப் பார்த்தபோது மாசிலாமணி போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. நரம்பு ஓடுகிற உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது, உடனே திறந்து கழுவ வேண்டும், தாமதமானால் விரல் போகும், ரத்தத்தில் கலந்தால் அதற்கு மேலேயும் போகும் என்றார் டாக்டர். என்ன குத்திச்சு? கம்பி சார். அவள் பக்கத்தில் நின்றாள். பேசவில்லை. டாக்டர் அவளையும் பார்த்தார். பேசவில்லை.

மணி பதினொன்று ஐந்து. கதவு திறந்து நர்ஸ் தலை நீட்டினாள். மோதிரம் கொடுத்தவள்தான், பச்சை உடுப்பில் இப்போது வேறு ஆள் மாதிரி இருந்தாள். "மாசிலாமணி வீட்டுக்காரம்மா?" தையல்நாயகி எழுந்த வேகத்தில் பை விழுந்தது. நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "கைக்கு மட்டும்தாம்மா மரத்துப்போக ஊசி போட்ருக்கு, முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு. கம்பி கம்பின்னே சொல்றாரு. டாக்டர் நம்பல. உள்ள பாத்தா ஏதோ கடிச்ச மாதிரி இருக்குங்கறாரு. நாய், பூனை, எலி, எதாச்சும் கடிச்சுதா? மருந்து மாறும், அதுக்குத்தான் கேக்குறோம். உங்களுக்குத் தெரியுமா?"

கையைக் கிழித்து வைத்திருக்கிறார்கள். விளக்குக்குக் கீழே, கண் விழித்துக்கொண்டு, தன் கை திறந்து கிடப்பதைத் தெரிந்துகொண்டே, கம்பி என்று சொல்கிறார். ஜெசிந்தாவைக் காப்பாற்றிக்கொண்டு. விரல் போனாலும் பரவாயில்லை, அவள் பேர் வெளியே வரக்கூடாது. தையல்நாயகிக்காக இந்த மனுஷன் எதையாவது இப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டது உண்டா? தலையில் ஏதோ சூடாக ஏறியது. "தெரியலயே" என்றாள். "அவரையே கேளுங்க." நர்ஸ் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உட்கார்ந்தாள். பையை எடுத்தாள். ஃபிளாஸ்க் அம்மாள் என்னம்மா கேட்டாங்க என்றாள், காதில் விழவில்லை. அவரையே கேளுங்க. அவரே சொல்லட்டும். சொல்ல மாட்டார் என்று தெரியுமே. தெரிந்துதானே சொன்னாய். மருந்து மாறும் என்றாள். எந்த மருந்து? அவளுக்கு மண்ணச்சநல்லூர் தவிட்டு அறை ஞாபகம் வந்தது. ஆலையில் மூட்டை தூக்கிய வேலாயுதம். அவனைக் கடித்தது நாய்க்குட்டி, சின்னது, கணுக்காலில் ஒரு கீறல், அதைப்போய் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டான். இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல். தண்ணீர் கேட்டான், கொடுத்ததும் குவளையைப் பார்த்துத் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். காற்றாடியைப் போடாதே என்று கத்தினான், காற்று மேலே பட்டாலே தூக்கிப் போட்டது. அவனுடைய பெண்டாட்டியைக் கிட்டே விடவில்லை, அவள் உமிக்குவியல் மேலே உட்கார்ந்து, எனக்குத் தெரியாமப் போச்சே, எனக்குத் தெரியாமப் போச்சே என்று நாள் பூராவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் இத்தனை வருஷம் எங்கே கிடந்தது? எனக்குத் தெரியாமப் போச்சே. அந்தப் பொம்பளைக்கு அதையாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. தனக்கு அதுவும் கிடையாது. திங்கட்கிழமை காபி ஆறுவதற்கு முன்னாலேயே தெரியும். நாளைக்கு மாசிலாமணி தண்ணீரைப் பார்த்துத் தொண்டையைப் பிடித்தால் பெண் வந்து என்னம்மா ஆச்சு என்று கேட்பாள். என்ன சொல்வாள்? உங்கப்பன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன் என்றா? அவர் செத்தாலும் ஜெசிந்தாவைக் காப்பாற்றிக்கொண்டே செத்தவராகப் போவார். ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும். அவள் மட்டும் ஒரு மூலையில் நின்று, தெரிந்து, அழுவாள், அந்த அழுகையில் தனக்குப் பங்கு கிடையாது. அது, அந்த நினைப்புதான், பயத்தைவிட வேகமாக அவளை எழுப்பியது என்று சொல்ல வேண்டும். நல்ல மனசு வந்து எழுந்தாள் என்று சொன்னால் பொய். எழுந்தாள், நடந்தாள், உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்த கதவைக் கையால் அடித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"பூனை" என்றாள், கதவு திறந்ததும். "பூனைதான் கடிச்சுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கம்பி இல்ல. நான் திங்கக்கிழமையே பாத்தேன்."

நர்ஸ் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரே முகமூடியோடு வாசலுக்கு வந்தார், கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு. கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நல்ல வேளை சொன்னீங்க. பூனை வாயில இருக்கற கிருமிக்கு வேற மருந்து, ஏத்திடறோம். வெறிநோய் ஊசியும் இன்னைக்கே ஆரம்பிக்கணும், காயத்துக்குள்ளயும் ஒரு மருந்து போடணும். மூணு நாள் போயிருச்சு, ஆனா இதுல லேட்டுன்னு விடக்கூடாது. யார் வீட்டுப் பூனை? ஊசி போட்டதா? இப்ப நல்லா இருக்கா? வீட்டுப் பூனைன்னா கடிச்ச நாள்லேர்ந்து பத்து நாள் அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். காணாமப் போயிருச்சு, செத்துப்போச்சுன்னா உடனே எங்ககிட்ட சொல்லணும். விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார்.

விசாரித்துச் சொல்ல வேண்டும். யாரை விசாரிப்பது? அவருடைய செல்போனை எடுத்தாள். பூட்டுக்குப் பெண்ணுடைய பிறந்தநாள், அதை மாற்றவில்லை. ஜெசி லேப் என்று இருந்தது. வெறும் ஜெசி என்று இருந்திருந்தால்? லேப் என்று சேர்த்துப் போட்டது உண்மைக்கா, தன் கண்ணுக்கா? அழுத்தினாள். அடித்தது. இரண்டாவது மணியிலேயே ஜெசிந்தா எடுத்தாள். "சார், தஞ்சாவூர் தாண்டிட்டோம், அம்மாவுக்கு மட்டும் வாந்தி. மிட்டாய் எப்டி இருக்கு? ரெண்டு நாளா போனே பண்ணல?" பஸ் இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல். என்ன ஒரு சலுகை. நீ என்பதா, நீங்க என்பதா? ஐந்து வருஷம் நீ என்று கூப்பிட்டவள். ஒரு வருஷமாக எப்படியும் கூப்பிடாதவள். "சார்?" என்றது குரல். "நான் தையல்நாயகி பேசறேன். உங்க பூனை அவரக் கடிச்சிருச்சு. ஆபரேசன் நடக்குது." பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம், "அக்கா" என்றாள் ஜெசிந்தா. "அக்கா, அது யாரையும் கடிக்காதே."

யாரையும் கடிக்காது. அவரை மட்டும் கடித்திருக்கிறது. "ஊசி போட்ருக்கீங்களா?" போடவில்லை. போடணும் போடணும்னு இருந்தேன்க்கா. வேளாங்கண்ணிக்கு அம்மா நேர்ச்சை, சனிக்கிழமை கிளம்பினோம், பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் பூனைன்னா ஆகாது, அதுக்குக் குட்டி போடற நேரம், அதான் சார்கிட்ட சாவி குடுத்தேன். சாப்பாடு மட்டும் வச்சுட்டு வந்துருங்கன்னுதான் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தையல்நாயகிக்குப் படமாகத் தெரிந்தது. சாப்பாடு மட்டும் வைக்கவில்லை இவர். கட்டிலுக்கு அடியில் குனிந்து, குட்டிகளைப் பார்க்க, கையை உள்ளே விட்டிருக்கிறார். ஈன்ற பூனையிடம். தான் பிறந்த ஆலையில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அந்த நேரத்தில் கை நீட்டக்கூடாதென்று. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்த வீட்டில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, முகத்தில் என்ன ஆசையோடு குனிந்திருப்பார்? பூனை கடித்தது விரலை மட்டும்தானா? "அக்கா, சாருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள் ஜெசிந்தா. அழுகிறாள். அழட்டும் என்று இருந்தது. அழாதே என்றும் இருந்தது. "வீட்டுக்குப் போனதும் பூனை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். கை முழங்கை வரை கட்டுப்போட்டு, ஒரு கம்பத்தில் தூக்கிக் கட்டியிருந்தது. தைக்கவில்லையாம், திறந்தே வைத்திருக்கிறார்களாம், இரண்டு நாள் கழித்து மறுபடி கழுவிப் பார்ப்பார்களாம். விரல் பிழைக்கும் என்று நம்புகிறோம் என்றார் டாக்டர், பழைய மாதிரி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது. காயத்துக்குள் போடுகிற மருந்தை உள்ளேயே போட்டாகிவிட்டது. தோள் ஊசி மட்டும் அறைக்கு வந்து போட்டாள் நர்ஸ், இன்னும் வேறு வேறு நாளில் நாலு இருக்கிறது என்று சீட்டில் தேதி எழுதினாள். அவள் போன பிறகு இருவரும் தனியாக இருந்தார்கள். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை என்று இமை சொன்னது.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

"கேட்டுச்சு. நீ கதவ அடிச்சது உள்ள கேட்டுச்சு."

"திங்கக்கிழமையே தெரியும் எனக்கு. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அவர் கண்ணைத் திறந்தார். வையப்போகிறார் என்று நினைத்தாள். வைதால் நன்றாக இருக்கும். "நானும்தான்" என்றார். "பாப்பா மேல சத்தியம் பண்ணிட்டுப் போனேன் தையலு. அங்க யாரும் இல்ல, வெறும் வீடு. சொன்னா நீ நம்ப மாட்டேன்னு நெனச்சேன்." நம்பியிருப்பாளா? மாட்டாள். இப்போது நம்புகிறாளா? வெறும் வீடு என்பதை நம்பினாள். அதற்கு மேலே, அந்த வெறும் வீட்டுக்குள் அவர் எதைத் தேடிப் போய் உட்கார்ந்திருந்தார் என்பதை நம்பவோ நம்பாமல் இருக்கவோ அவளிடம் ஒன்றும் இல்லை. அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "குட்டிங்க ரெண்டு நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இந்த நிலையிலும். இந்தக் கையோடும். அவளுக்குப் பழையபடி நெஞ்சு காந்தியது. ஒன்றும் தீரவில்லை, எங்கேயும் போய்விடவில்லை, அதே இடத்தில் இருந்தது. அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்து, கொடுத்தாள். அவர் குடிப்பதை, ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குவதை, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஜெசி லேப். இரண்டு பேர் கண்ணும் அதன் மேலே போனது. அவருடைய இடது கை மெத்தையிலிருந்து லேசாக எழுந்தது, அவளைப் பார்த்ததும் மறுபடி படிந்தது. தையல்நாயகி எடுத்தாள்.

"அக்கா, இருக்குக்கா. நல்லா இருக்கு. மூணு குட்டி. ஜன்னல் வழியா வெளிய போய்ச் சாப்பிட்டு வந்திருக்கும் போல, தண்ணி வச்சேன், குடிச்சுது" என்றாள் ஜெசிந்தா. மூச்சு வாங்கியது, படியேறி ஓடியிருக்கிறாள். "நான் இப்ப ஆஸ்பத்திரிக்கு வரவாக்கா?"

வா என்று சொல்ல வாய் வரவில்லை. வராதே என்று சொல்லவும் இல்லை. பூனை தண்ணீர் குடித்தது என்ற சொல்தான் முதலில் உள்ளே இறங்கியது, இறங்கியதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாருடைய பூனையோ அது. மாசிலாமணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம், நீ அங்கேயே இரு" என்றாள். நீ என்று வந்துவிட்டது. "பூனைய வெளிய விடாத. ஜன்னலச் சாத்து. புதன்கிழமை வரைக்கும் பாக்கணும்னு டாக்டர் சொல்றார், அடுத்த புதன். தினமும் காலையில அது சாப்பிட்டுச்சா, தண்ணி குடிச்சுதா, எப்பயும் போல இருக்கான்னு பாத்து எனக்குச் சொல்லணும்."

"சரிக்கா. சார் போன்ல கூப்டறேன்."

"சார் போன்ல வேண்டாம். எனக்குக் கூப்பிடு" என்றாள் தையல்நாயகி. "எழுதிக்க" என்று, தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, புருஷன் காதிலும் விழும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "திருப்பிச் சொல்லு" என்றாள்.